பாதியில் அணைந்த வீடு

புதுக்கடை சந்தையைத் தாண்டி மேற்கே இறங்கும் ரோட்டில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது சுயம்புராஜின் வீடு. கல்ஃப் பணத்தில் கட்டிய வீடு என்று வெளியிலிருந்தே தெரியும். உள்ளே போனால் இன்னும் நன்றாகத் தெரியும். சோபாவில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். கடைக்காரன் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறையை இன்றுவரை யாரும் கழற்றவில்லை. பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. டிவியின் ஓரத்தில் நீலப் பட்டை. ரிமோட்டுக்கு ஒரு சட்டை. புதுப் பொருள் புதுசாகவே இருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. சிரிக்கத்தான் தோன்றும். ஆனால் பதினெட்டு வருடம் சவுதியில், தம்மாமில் நாலு பேரோடு ஒரு அறையில் படுத்து, வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகிற வீட்டை மனிதன் வேறு எப்படித்தான் வைத்துக்கொள்வான்?

தம்மாமில் அவனுக்கு வீடு வரைகிற வேலை. இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, வாசல் வழியாக நுழைந்து அறை அறையாகச் சுற்றிக் காட்டுவது போல வீடியோவாக்கித் தருவான். முதலாளிகள் அதைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் செங்கல் இறங்கும். ஊரார் வீட்டுக்கு எத்தனை படுக்கையறை வரைந்தானோ கணக்கில்லை. தன் வீட்டில் பிரிஜாவோடு அவன் இருந்த லீவையெல்லாம் கூட்டினால் ஒன்றரை வருடம் தேறாது. கல்யாணமாகிப் பதிமூன்று வருடம் ஆகிறது. பிரிஜாவுக்கு முப்பத்தொன்பது. பிள்ளை இல்லை.

போன லீவில் நாகர்கோவிலில் பார்த்த டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "மருந்து நான் தருவேன். ஆனா மாப்பிள்ள ஊர்ல இருக்கணும்லா? இனியும் தள்ளிப் போட்டா எனக்க கையில ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதே அவன் முடிவு செய்துவிட்டான். திரும்பப் போய் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தான். இனி சம்பாத்தியத்துக்கு வழி? அதற்கும் ஆள் இருந்தான். கருங்கல் ஊர்க்காரன் பெனிஷ், இவனிடம் வேலை படித்தவன், இப்போது அதே கம்பெனியில் பெரிய ஆள். "அண்ணா, நீங்க வீட்டுல இருந்தே வரைஞ்சு அனுப்புங்க. மொதல்ல ஒரு வில்லா வேல தாறேன். அடுத்த புதன்கிழமைக்குள்ள வீடியோ வந்தாப் போரும், மொதலாளிக்கிட்ட நான் பேசுதேன். பெறவு மாசாமாசம் வேல உறுதி" என்றான்.

கடையில் மாட்டிப் பூட்டித் தரும் கம்ப்யூட்டரை வாங்க சுயம்புராஜுக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே என்ன எழவை வைத்து அடைப்பார்களோ, யாருக்குத் தெரியும். உதிரி உதிரியாக வாங்கி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, சாப்பாட்டு மேசையில் அவனே பூட்டினான். பிரிஜா பக்கத்தில் உட்கார்ந்து பீங்கான் தட்டில் ஸ்குருக்களைப் போட்டு வைத்துக்கொண்டு, அவன் கைநீட்ட நீட்ட எடுத்துக் கொடுத்தாள். இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த முதல் வேலை அதுதான். பொத்தானை அமுக்கியதும் உள்ளே விளக்கு எரிய, அவள் சின்னப்பிள்ளை போலக் கைதட்டினாள். மறுநாள் அய்யாவழித் தாங்கலுக்குக் கும்பிடப் போனவள் திருமண் கொண்டுவந்து பெட்டியின் நெற்றியில் நாமம் இட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்த சந்தோஷம் கல்யாண நாளில்கூட இருந்திருக்காது.

வில்லாவை வரைந்து முடித்து வீடியோவாக்கக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தான். மணிக்கணக்கில் ஓட வேண்டிய வேலை. பாதி ஓடியிருக்கும், திரை பொசுக்கென்று கறுத்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மேலே பார்த்தான். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஊருக்கே கரண்ட் போனால் நிம்மதியாகத் திட்டலாம், சேர்ந்து திட்டத் துணையும் கிடைக்கும். தன் மேசையில் மட்டும் போனால் யாரைத் திட்டுவது?

மறுபடி போட்டான். மறுபடியும் பாதியில் நின்றது. வேலையைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுத்துப் பார்த்தான். துண்டுக்கும் அணைந்தது. சும்மா விட்டால் நாள் முழுக்க ஓடும். பாட்டுப் போட்டால் ஓடும். வில்லா என்று கேட்டதும் செத்துவிடும்.

முதலில் வயரிங்கைச் சந்தேகப்பட்டான். வயரிங் பொன்னுலிங்கம் வந்து பார்த்து, "எர்த்து காஞ்சு கெடக்கு அண்ணே" என்று சொல்லி, சுவரோரக் குழியில் உப்பைக் கொட்டிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வைத்தான். குழி குளிர்ந்தது, கம்ப்யூட்டர் அணைந்தது. பிறகு ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றி அதன் பித்தளைப் பல்லை அழிரப்பரால் தேய்தேய் என்று தேய்த்தான். அதற்கும் மசியவில்லை. பவர் சப்ளையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி நாகர்கோவில் கடைக்குப் போனான். கடைக்காரர் மாட்டி, ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு சார்" என்று திருப்பித் தந்தார். சூடாக இருக்குமோ என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு பெடஸ்டல் ஃபேனை எதிரில் நிறுத்தினான். அணைந்ததும் கையை உள்ளே விட்டு, புராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலரைத் தொட்டான். அது சில்லென்று இருந்தது. அப்போது சூடும் இல்லை என்று முடிவு கட்டினான்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு முடித்ததும் சந்தேகம் அடுக்களைக்குள் நுழைந்தது. மிக்ஸி போட்டால் வோல்டேஜ் இறங்குகிறது. அதனால் மிக்ஸி கூடாது. மோட்டார் கூடாது. துணி துவைக்கிற மெஷின் கூடவே கூடாது. தேங்காய் அரைக்காமல் அந்த ஊரில் குழம்பு ஏது? பிரிஜா கொல்லைப்புறத்தில் கிடந்த அம்மியைக் கழுவினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், முக்கால்வாசி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தான். மறுநாள் புதன். டாக்டரம்மா, மருந்து, பிரிஜாவின் வயது, எல்லாம் அந்தத் திரையில் முடிந்த அளவைக் காட்டி ஊர்ந்துகொண்டிருந்த கோட்டில்தான் இருந்தது. கோடு நின்றது. திரை கறுத்தது.

எழுந்து கொல்லைக்குப் பாய்ந்தான். "ஏட்டி, மிக்ஸி போட்டியா?"

"இல்லியே. நான் அம்மியிலல்லா அரைக்கேன்."

"பின்ன மோட்டரு?"

"தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணியில்ல அத்தான். நீங்க சொன்னதுனால இண்ணைக்குக் காலத்தே இருந்து போடல்ல."

"கள்ளம் பறையாத. ஒனக்கு நான் போயித் தொலையணும், மாசாமாசம் பைசா மட்டும் வரணும். பதிமூணு வருசமா அப்பிடி சொகமாத்தானே இருந்தே?"

தேங்காயை வழித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. சொன்னது பொய் என்று சொல்லும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னான். தோற்றுப்போகிற மனிதனுக்கு யாரையாவது கூட இழுத்துக்கொண்டு விழ வேண்டும், பக்கத்தில் இருந்தவள் அவள்தான். அவள் அரைப்பை வழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு சாப்பாடு நேரத்துக்கு வந்தது, பேச்சு வரவில்லை.

புதன் வந்தது, போனது. வெள்ளிக்கிழமை பெனிஷ் கூப்பிட்டான். "அண்ணா, கொச்சியில ஒரு ஆளுக்கு அந்த வில்லாவக் குடுத்துட்டினும். மாசாமாசம் உள்ள வேலையும் இனி அவனுக்குத்தான். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஒங்க பழைய கசேர காலியாத்தான் கெடக்கு. சரிண்ணு சொன்னா விசாவுக்குக் குடுக்குதேன்."

சுயம்புராஜ் சரி என்றான். நாற்பத்துநாலு வயதில், வரைகிறதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதவன், பின்னே என்ன சொல்வான்? அடுத்த அறையில் பிரிஜா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் போனில் பேசுவது அவனுக்குக் கேட்டது. "ஆமா, பிரிஜா சுயம்புராஜ். திங்கக்கிழமைக்கு டோக்கன் போட்டிருந்தேன். வரல்ல. அத வேற யாருக்காவது குடுத்திருங்க." ஆஸ்பத்திரிக்குத்தான் பேசினாள். அவள் குரல் உடையவே இல்லை. உடைந்திருந்தால் அவன் எழுந்து போயிருப்பான்.

விசா வந்தது. டிக்கெட்டும் வந்தது. மறுநாள் காலை திருவனந்தபுரத்தில் விமானம் என்ற நிலையில், கம்ப்யூட்டரைப் பிரித்து ஒவ்வொன்றையும் அதனதன் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைக்க உட்கார்ந்தான். அட்டைப்பெட்டி ஒன்றையும் அவன் எறியவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி வந்தவன் கடைசியில் கூலரைத் திருகி எடுத்துத் திருப்பினான்.

அதன் அடியில், சூட்டை உறிஞ்ச வேண்டிய அந்த வழவழப்பான முகத்தில், கண்ணாடி போல மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. மாட்டுவதற்கு முன் உரித்து எடுக்கவும் என்று அதன் மேலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. நடுவில் தாள் மறித்துக்கொண்டால் சூடு எப்படிக் கூலருக்கு ஏறும்? கூலர் குளிர்ந்து கிடக்க, அடியில் புராசசர் வெந்து வெந்து, பொறுக்க முடியாமல் தன்னையே அணைத்துக்கொண்டிருக்கிறது.

அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பீங்கான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிரிஜா கேட்டாள்: "இத உரிக்கண்டாமா?" எழுதியிருந்ததை வாசிக்கக்கூடச் செய்யாமல் அவன் சொன்னான்: "கெடக்கட்டும் பிள்ளே. புதுசுல்லா?"

வாய்விட்டு அழுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் கொஞ்ச நேரம் அவனால் எதையும் பார்க்க முடியவில்லை. பிறகு நகத்தால் கிள்ளித் தாளை உரித்தான். சூடு கடத்தும் பழைய பசையைத் துடைத்து, டியூபில் மிச்சமிருந்ததைப் புதுசாகத் தடவி, பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டினான். யாருக்காக என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வில்லாவைப் போட்டான். ஓடியது. பாதி தாண்டியது, முக்கால் தாண்டியது, சாயங்காலம் ஆவதற்குள் முழுதும் முடிந்து நின்றது.

வெட்கத்தை விட்டுப் பெனிஷைக் கூப்பிட்டான். "பெனிஷே, வில்லா முடிஞ்சுட்டுடே. மிஷின் சரியாயிட்டு."

"அண்ணா, அது அந்தக் கொச்சிக்காரன் போன வாரமே குடுத்து, மொதலாளி ஒப்பும் போட்டாச்சு. அத விடுங்க. நாளைக்கு இங்க ஏர்போட்டுல நான் நிப்பேன்."

போனை வைத்தபோது பிரிஜா தேய்த்த சட்டைகளோடு வாசலில் நின்றாள். திரையில் வீடு விரிந்துகொண்டிருந்தது. வாசல், ஹால், மாடிப்படி, படுக்கையறை. அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"நிக்கல்லியா?"

"இல்ல." கையை விரித்து, சுருண்டு கிடந்த தாளைக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று கண்ணிலேயே தெரிந்தது. அன்றைக்கே சொன்னேனே என்று அவள் கத்த வேண்டும், கரித்துக்கொட்ட வேண்டும் என்று அவன் ஏங்கினான். அதற்காகத்தான் காட்டினான்.

"அன்னைக்கு நான் ஒன்னச் சொன்னது..."

"அது போட்டு, விடுங்க" என்றாள் அவசரமாக. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்திருந்தது. "அப்பம் இனி போகண்டாம் இல்லியா?"

அவன் திரையைப் பார்த்தான், கதவோரம் நின்ற பயணப் பெட்டியைப் பார்த்தான், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "வேல வேற ஆளுக்குப் போயாச்சு பிள்ளே."

பிரிஜா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு பெட்டியின் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"முழுக்கைச் சட்ட எத்தன வைக்கட்டும்?" என்று கேட்டாள்.