உப்பில்லாத மோர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆய்வுக்கூடத்தில் யாராவது குடுவையைச் சரியாகக் கழுவாமல் வைத்தால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். பதினைந்து வருடம் கரிம வேதியியல் செய்தவள், அதிலும் பாதிக்கு மேல் மனநோய்க்கு மருந்து தேடியவள் என்ற திமிர். அந்தத் திமிரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் திருப்பூரில் சின்னச் சாயப்பட்டறை. நான் புதுச் சாயம் கண்டுபிடித்துக்கொண்டு வருவேன் என்றுதான் வேதியியல் படிக்க அனுப்பினார். முனைவர் பட்டத்துக்கு நானும் சாய மூலக்கூறுகளைத்தான் உருவாக்கினேன். அந்த நேரத்தில் தம்பிக்கு நோய் வந்தது. ஒரு வாரம் தூங்காமல், ஐரோப்பா முழுக்கப் பனியன் அனுப்பப் போவதாகக் காதர்பேட்டைக் கடைவீதியில் கண்டவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தான். அடுத்த மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. நான் சாயத்தை விட்டுவிட்டு ஐதராபாத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் சேர்ந்தேன். அவனுக்கு நானே மருந்து செய்துவிடுவேன் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நம்பினேன்.

ஒரே மூலக்கூறுக்கு ஆறு வருடம், பதினொரு படிகள். கடைசிப் படியில் வெள்ளைப் படிகம் விழுந்த அன்று, வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தேன். அது எலிகளின் ஈரலைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் அந்த ஆராய்ச்சியையே நிறுத்திவிட்டார்கள். தம்பியைத் தூக்கி நிறுத்தியது கோயம்புத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த லித்தியம். பூமியிலிருந்து எடுக்கிற ஓர் உப்பு, என்னைப் போன்ற யாரும் மூளையைக் கசக்கி உருவாக்க வேண்டியதில்லை. ஒன்பது வருடம் அவன் நன்றாக இருந்தான். அப்பாவுக்குப் பிறகு பட்டறையை அவன்தான் பார்த்துக்கொண்டான்.

அந்த டாக்டர் முதல் நாளே என்னிடம் சொன்னார்.

"சாப்பாட்டுல உப்பும் தண்ணியும் கொறையக் கூடாதுங்க. கொறைஞ்சா லித்தியம் உடம்புலயே தங்கி வெசமாயிரும். ஊட்டுல எல்லார்த்துக்கும் சொல்லிப்போடுங்க."

"நான் கெமிஸ்ட்டுங்க டாக்டர். தெரியுங்க."

அம்மாவிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. உப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சோற்றில் உப்பைக் குறைக்க யாருக்குத் தோன்றும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் சேவூர்ப் பக்கம் அவனுக்கு ஒரு பெண் அமைந்தது. கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். மாரியம்மன் கோயில் திருவிழா தொடங்கும் பூச்சாட்டிலிருந்து பொங்கல் வைக்கும் வரை, பதினைந்து நாள், அவளும் தம்பியும் உப்பில்லாமல் சாப்பிடுவது. எங்கள் ஊரில் இது புதிதல்ல. படிக்கிற காலத்தில் நானே இருந்திருக்கிறேன். அதனால்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்தச் சித்திரை வெயிலிலும் மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் கொடுத்திருக்கிறாள். என் பேச்சை அவள் மீறவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் போன் செய்தாள். "கண்ணு, தம்பிக்குக் கை நடுங்குது. வயித்தால வேற போகுது. கெறக்கமாக் கெடக்கறான்."

நான் அப்போது ஒரு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். லித்தியத்தைவிட நல்ல மருந்தைத் தேடுவது பற்றிய கூட்டம். "வெயிலுக்கும்மா. மோர் நெறையக் குடுங்க" என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் கொடுத்தாள். சொம்பு சொம்பாக, உப்புப் போடாமல் கொடுத்தாள்.

மறுநாள் அவனுக்கு வலிப்பு வந்தது. நான் வந்து சேர்ந்தபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். அவன் கட்டிலருகே நின்று, சாப்பாட்டில் உப்பைக் குறைத்தீர்களா என்று அங்கிருந்த டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மா நின்றிருந்தாள். அவள் மணிக்கட்டில் மாரியம்மன் விரதத்துக்குக் கட்டுகிற மஞ்சள் காப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடிப்பாவி, நீயெல்லாம் என்ன படித்துக் கிழித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உயிர் தப்பியது. ஆனால் நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது. இரண்டும் இனிச் சரியாகாது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் வந்தார்கள், காப்பி குடித்தார்கள், மரியாதையாகவே வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "வெரதம் இருந்ததுனாலதான் ஆத்தா உசுரையாச்சும் குடுத்தா" என்கிறாள். அவன் நடை சரியாகிற வரைக்கும் தான் மட்டும் உப்பைத் தொடுவதில்லை என்று இப்போது புதிதாக ஒரு வேண்டுதல்.

போன வாரம் சொல்லிவிடுவது என்று துணிந்தேன். மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அம்மா உப்பில்லாத பருப்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த உப்பு..." என்று ஆரம்பித்தேன்.

தம்பி சட்டென்று என் கையைப் பிடிக்க வந்தான். கை இலக்குத் தவறி ரசம் கொட்டியது. அம்மா துணி எடுக்க உள்ளே போனாள்.

"ஆஸ்பத்திரில உப்பப் பத்தி டாக்டர் பேசுனது எனக்குக் கேட்டுச்சுக்கா." ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னான். "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத. தாங்க மாட்டா."

அம்மா துணியோடு வந்து தரையைத் துடைத்தாள். பிறகு உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"என்னமோ உப்புன்னியே கண்ணு. பத்தலையா?"

"ஆமாம்மா" என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன்.