கதைக்காரரின் மாதச் சந்தா

ஊருக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். கதைக்காரர் என்று கூப்பிடுகிறவர்கள் மூன்றே பேர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்த கையோடு அந்த மூன்று பேரும் அவர் வீட்டு முன்னறை மேஜையைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவியின் தம்பி, பஸ் ஓட்டும் டிரைவரம்மா, தபால் பிரிக்கும் நெட்டை. பிள்ளை குட்டி உள்ளவர்கள் பகடை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று அக்கம்பக்கத்தில் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும்.

விளையாட்டு இவ்வளவுதான். கதைக்காரர் ஒரு காட்டையோ கோட்டையையோ கண்முன் கொண்டுவந்து நிறுத்துவார். மற்றவர்களுக்கு அதில் ஆளுக்கொரு பாத்திரம். “இப்ப என்ன பண்றீங்க?” என்று கேட்பார். சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். உள்ளறையில் உட்கார்ந்து, தான் வேலை பார்க்கும் சலவைக் கடையிலிருந்து எடுத்துவந்த துணிகளுக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டே அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அவரை எல்லோரும் அக்கா என்பார்கள், நாமும் அப்படியே சொல்லிவிட்டுப் போவோம்.

கதை சொல்லும் பழக்கம் வேலையில் ஒட்டிக்கொண்டதுதான். யாராவது லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டால் அவர் வெளியே நின்று ஸ்பேனரைத் திருகிக்கொண்டே உள்ளே இருப்பவரிடம் வாய் ஓயாமல் பேசுவார். பேச்சு நின்றால் பயம் வந்துவிடும் என்பார். அக்காவை அவர் சந்தித்ததே அப்படித்தான். உள்ளே அழுதுகொண்டிருந்த பெண்ணுக்குக் கதவு வழியாக ஒரு திருட்டு ராஜகுமாரனின் கதையை ஆரம்பித்தார். கதவு திறந்தபோது கதை பாதியில் நின்றது. “மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்” என்றார். அந்த மிச்சம் கல்யாணத்தில் போய் முடிந்தது.

சந்தாப் பேச்சை எடுத்தது தம்பி. மாதாமாதம் கட்டினால் விளையாட்டின் புத்தகங்கள் அத்தனையும் டேப்லெட்டில் வந்துவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கும். அடி எவ்வளவு, உயிர் எவ்வளவு மிச்சம் என்று அதுவே கூட்டிக் கழித்துக்கொள்ளும், நடந்ததை எல்லாம் வரிசையாகப் பதிந்தும் வைக்கும். கதைக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“கதை சொல்றதுக்கு மாசச் சந்தாவா? அப்ப மூச்சு விடுறதுக்கும் ஒண்ணு கட்டிடு மச்சான்.”

அப்படிச் சொன்னவர்தான் ஒருநாள் மெஷின் ரூமில் நின்றுகொண்டு, இங்கே எதற்கு வந்தோம் என்று விழித்தார். பிறகு அது அடிக்கடி நடந்தது. வேலையிலிருந்து நிறுத்தினார்கள், மரியாதையாகத்தான். டாக்டர் நோயின் பெயரைச் சொல்லி, இனி மெல்ல மெல்லக் கூடும் என்றும் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த மனிதர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, “ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்கு இருக்கட்டும்” என்றார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கதை சொல்லும் அந்த நாற்காலி போனால் மனுஷன் மொத்தமாகப் போய்விடுவார் என்று அக்காவுக்குத் தெரிந்தது. அன்றைக்கே தம்பிக்குப் போன் போட்டு, “அந்தச் சந்தாவைக் கட்டிடு, உனக்கு வேணும்னு சொல்லிக்கோ” என்றார்.

வாங்கியதும் நல்லதாகத்தான் போனது. கணக்கில் தடுமாறும்போது கதைக்காரர் கண்ணை லேசாகத் தாழ்த்தித் திரையைப் பார்த்துக்கொள்வார். கதை மட்டும் பழையபடி வாயிலிருந்து பொழியும். “பரவால்ல, கெட்டிக்காரப் பிள்ளை” என்று டேப்லெட்டைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

பிறகு அந்தப் பாலம் வந்தது. டிரைவரம்மாவின் பாத்திரம் ஒரு வில்லாளிப் பெண். பல வருஷமாக அவர் கூடவே வளர்ந்தவள். மற்றவர்கள் கடந்துபோகும் வரை ஒற்றை ஆளாகப் பாலத்தைக் காத்து நின்று, கடைசியில் செத்துப்போனாள். கதைக்காரர் அதைச் சொன்ன விதத்தில் டிரைவரம்மா நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளறையில் அக்காவும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கதைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “எதிர்ல ஒரு பாலம். நீங்க மூணு பேரும் இந்தப் பக்கம் நிக்கிறீங்க. இப்ப என்ன பண்றீங்க?”

நெட்டை தம்பியைப் பார்த்தான், தம்பி உள்ளறையைப் பார்த்தான். டிரைவரம்மாதான் முதலில் சுதாரித்தார். “நான் முன்னாடி போய்ப் பார்க்கிறேன்ணா” என்று செத்தவளை எழுப்பி நடக்கவிட்டார். ஒரு தடவை அழுது முடித்த சண்டைக்குள் மூன்று பேரும் மறுபடி இறங்கினார்கள். கைதேர்ந்த நடிகர்கள்கூட அப்படிச் செய்வார்களா என்பது சந்தேகம்தான்.

ஆனால் டேப்லெட்டுக்கு நடிக்கத் தெரியாதே! வில்லாளியின் படம் சாம்பல் நிறமாகி, மேலே ‘இறந்துவிட்டார்’ என்று இருந்தது. கதைக்காரர் நெற்றியைச் சுருக்கினார்.

“இது ஏன் இவ செத்துட்டான்னு காட்டுது?”

“அது தப்பாக் காட்டுது மாமா” என்றான் தம்பி. “நேத்துலேர்ந்தே இப்படித்தான் கிறுக்குப் பிடிச்சு ஆடுது.”

“காசையும் வாங்கிக்கிட்டு உயிரோட இருக்கிறவளைச் சாவடிக்குதா? நிறுத்துடா சந்தாவை!”

எல்லோரும் சேர்ந்து அந்தப் பாவப்பட்ட கருவியைத் திட்டினார்கள். அன்று மாலை வாசலில் வைத்து அக்கா தம்பியிடம் சொன்னார், “நிறுத்திடு. வெறும் காகிதம்னா நம்ம இஷ்டத்துக்கு மாத்தி எழுதிக்கலாம். இதுகிட்ட அது நடக்காது.” அந்த மாதம் முடிந்ததும் நின்றுவிடும் என்றான் தம்பி. அக்காவுக்கு மனசு கொஞ்சம் லேசானது.

இரண்டு நாள் கழித்து அக்கா கடையிலிருந்து வந்தபோது கதைக்காரர் மேஜையில் தனியாக உட்கார்ந்து டேப்லெட்டை வைத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“பாலத்துச் சண்டை இதுல ரெண்டு தடவை இருக்கு” என்றார் நிமிராமல். “முதல் தடவையே அவ செத்துட்டாள்ல?”

அக்கா பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றார். “ஆமாங்க.”

“உனக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல.”

“உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்...”

“நோகாம இல்ல. இது ஒண்ணுதான் என்கிட்ட பொய் சொல்லல. இது இருக்கட்டும்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்கா அடுப்படிக்குப் போய் நின்று அழுதார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷனைச் சின்னப் பிள்ளையை ஏமாற்றுவதுபோல் ஏமாற்றிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு தம்பிக்குப் போன் செய்து, சந்தாவை நிறுத்த வேண்டாம் என்றார்.

அந்த ஞாயிறு கதைக்காரர் திரையைப் பார்த்து முதல் சண்டையை வாசித்தார். பிறகு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செத்துப்போன வில்லாளியை ஆற்றங்கரையில் அடக்கம் செய்யும் கதையைச் சொன்னார். ஒரு தடுமாற்றம் இல்லை. முடித்துவிட்டுத் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“கதை சொல்றவனுக்கு முன்னாடி நடந்தது தெரிஞ்சிருக்கணும். இனிமே இங்க நீ உட்காரும்மா” என்றார் டிரைவரம்மாவிடம். டிரைவரம்மா மாட்டேன் என்று அழுதார். கதைக்காரர் விடவில்லை.

அதன்பிறகு அவரும் ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டார். கத்தி வேண்டாம், மந்திரம் வேண்டாம், கூட்டத்துக்கு முன்னால் விளக்குத் தூக்கிக்கொண்டு போகிற ஆள். அதற்குக் கணக்கும் தேவையில்லை. சில ஞாயிறு நன்றாகப் பேசுவார். சில ஞாயிறு பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். போகப் போகச் சும்மா இருக்கும் ஞாயிறுகளே அதிகமாயின. நெட்டையின் பெயரையும் மறந்துவிட்டார். “அந்த உயரமான தம்பி” என்பார். சந்தா கட்டும் நாள் வரும்போதெல்லாம் தம்பி அக்காவின் முகத்தைப் பார்ப்பான். அக்கா தலையாட்டுவார்.

பிறகு ஒருநாள் கதையில் ஒரு பெரிய ஆறு வந்தது. டிரைவரம்மா சொன்னார், “படகு கிளம்பப் போகுது. ஏறினா இந்தப் பக்கம் திரும்பி வர முடியாது. இப்ப என்ன பண்றீங்க?”

நெட்டை ஏறினான். தம்பியும் ஏறினான். எல்லோரும் கதைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த பகடையை மேஜையில் வைத்தார்.

“நான் கரையிலயே இருந்துக்கறேன். நீங்க போங்க.”

“அண்ணா, விளக்கு இல்லாம நாங்க எப்படிண்ணா...”

“விளக்கை எடுத்துட்டுப் போங்க.”

அடுத்தவர் பாத்திரத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதற்கு அந்த விளையாட்டில் வழி இல்லை. தம்பி திரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

அக்கா தைத்துக்கொண்டிருந்ததை வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தார். “நானும் கரையில இருக்கேன். என்னையும் அதுல சேர்த்துடுடா.”

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான். “ஆயுதம் ஏதாவது கொடுத்தாத்தான் அடுத்த பக்கம் வருதுக்கா.”

“எதையாவது போட்டுட்டு நீங்க கிளம்புங்க. படகு நிக்குதுல்ல.”

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துக் கணவரின் பக்கத்தில் போட்டார். அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதுபோல.