நாத்தனார் போட்ட மயில்துத்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எழுதினால் குடும்பத்து மானம் போய்விடும் என்று ஒரு மனசு சொல்லும். போன என் மானத்துக்கு யார் பதில் சொல்வது என்று இன்னொரு மனசு கேட்கும். ஜெபமாலை உருட்டும்போதுகூட நடுவில் இந்த ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் நாத்தனார் இப்போதும் நன்றாக இருக்கிறார். இருக்கட்டும். அவர் செய்ததை அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கண்ணை மூடினால் அந்தக் கண்ணாடித் தொட்டியின் தண்ணீர்தான் முதலில் தெரிகிறது. அவ்வளவு தெளிவான தண்ணீரை நான் பார்த்ததே இல்லை. ஒரு துளி பாசி கிடையாது. லேசாக நீலம் ஓடியிருந்தது. அதன்மேல் என் மீன்கள் எல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன.

அந்தத் தொட்டி வந்த கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறையும் கரு தங்காமல் போனபோது நான் யாரிடமும் பேசாமல் கிடந்தேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏறி வருகிறபோது, வண்டியில் பழைய போர்வை சுற்றி இந்தத் தொட்டியைக் கொண்டுவந்தார். அடியில் மண், மேலே மணல், அதில் புல் மாதிரி நீளமாக வளரும் செடிகள், சின்னச் சின்ன கப்பி மீன்கள், நத்தைகள். பாப்பாரப்பட்டியில் எங்கள் தெருவில் அப்படி ஒன்று யார் வீட்டிலும் இல்லை. ஆசையில் அதைக் கிழக்கு ஜன்னலோரம் வைத்தேன். தொட்டி விளக்கையும் நாள் முழுக்க அணைக்க மாட்டேன். மீன் பசியோடு இருக்குமே என்று அள்ளி அள்ளித் தீனி போட்டேன். கொஞ்ச நாளில் கண்ணாடியெல்லாம் பச்சை படிந்து, செடிகள்மேல் தலைமுடி போல நூல் பாசி சுற்றிக்கொண்டது. கையால் எடுத்தால் மறுநாளே வந்துவிடும்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அதனால் அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. பென்னாகரம் பக்கம் அவர்களுக்குத் தக்காளித் தோட்டம். வரும்போதெல்லாம் தொட்டியைப் பார்த்து உதட்டைச் சுழிப்பார். "புள்ளைக்குப் பால் ஊத்த வேண்டிய வூட்ல பாசிக்குத் தண்ணி மாத்திக்கிட்டு இருக்கறா பாரு" என்பார். நான் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு அவர் வந்து தங்கியிருந்தார். முழங்கால் வலி என்று கோயிலுக்கு வரவில்லை. நான் பூசை முடிந்து வந்தபோது தண்ணீர் நான் மேலே சொன்னபடி இருந்தது. நத்தைகள் ஓட்டோடு சுருண்டு மணலில் கிடந்தன. அவர் அடுப்படியில் நின்றபடி சொன்னார்: "பாசி போவலையேன்னு அழுதியே, போச்சா இல்லையா? கெணத்துத் தொட்டிக்கு நாங்க போடற மயில்துத்தம்தான். ஒரு கை போட்டேன்."

"மீனெல்லாம் செத்துப்போச்சுங்க அண்ணி."

"மீனு செத்தா வாங்கிக்கலாம். எதுக்கு இப்படி மூஞ்சிய வச்சிக்கற?"

இதோடு விட்டிருந்தால் தெரியாத்தனம் என்று நானும் விட்டிருப்பேன். தோட்டத்துக்காரர்களுக்குப் பாசி என்றால் மயில்துத்தம் என்கிற அந்த நீல உப்புதான் கைக்கு வரும். ஆனால் வீட்டுக்காரர் லோடு இறக்கிவிட்டு வந்ததும் நாத்தனார் அவரிடம் சொன்னது வேறு. "நான் என்னத்தக் கண்டேன் தம்பி? அவ கை பட்டா எதுதான் தங்குது?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். "அக்கா அப்படியெல்லாம் செய்யாது, வுடு" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு சொந்தமெல்லாம் பரவியது. வளைகாப்புக்குப் போனால் என்னை வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். குழந்தையைக் கையில் கொடுக்கத் தயங்குவார்கள். அவ கை பட்டா தங்காது.

பழிவாங்குவது ஆண்டவர் வேலை என்று கோயிலில் சொல்கிறார்கள். மாதா படத்தின் முன் முழங்காலிட்டு, அதில் ஒரு பங்கை எனக்கும் விட்டுவிடச் சொல்லுங்கள் தாயே என்று கேட்டேன். விஷம் ஊறிய மண்ணையும் மணலையும் குழி வெட்டிப் புதைத்தேன். தொட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவி, வெயில் படாத சுவரோரம் வைத்து, மண், செடி, மீன் எல்லாம் புதிதாகப் போட்டேன். விளக்கைக் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் மட்டும் போட்டேன். தீனியைக் குறைத்தேன். வாரம் தவறாமல் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். வேகமாக வளரும் செடிகளை நெருக்கி நட்டேன். பாசிக்குப் போகிற சத்தை அவை தின்றுவிடும். அப்படியும் தலைகாட்டிய நூல் பாசியைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி இழுத்தேன். இழுக்கும்போதெல்லாம் நாத்தனாரின் கொண்டையை இழுப்பதாகவே நினைத்துக்கொண்டேன். பாவம்தான். கை மட்டும் ஓயவில்லை. மீன் குஞ்சு போட்டது. குஞ்சும் வளர்ந்து குஞ்சு போட்டது.

போன மாதா திருவிழாவுக்கு எங்கள் வீட்டில் சொந்தமெல்லாம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. நாத்தனார் தொட்டி முன்னால் நின்று, "நம்ம பேத்திக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்தோம். ஒரே பாசி. புள்ள அழுவுது. நீ எப்படிம்மா போக்குன?" என்று கேட்டார். அத்தனை வருடத்தில் முதல் முறையாக என்னை அம்மா போட்டுப் பேசினார்.

நான் சாதக்கரண்டியைக் கீழே வைத்தேன். "சொல்றேங்க அண்ணி. அன்னிக்கு என் தொட்டியில நீங்க என்ன போட்டீங்கன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி மொதல்ல நீங்க சொல்லுங்க."

"அது எதுக்கு இப்ப? பழைய கதை."

"பழைய கதைன்னா சொல்றதுக்கு என்னங்க கஷ்டம்?"

அவர் பேத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் சுற்றிலும் பார்த்தார். யாரும் வாய் திறந்து காப்பாற்றவில்லை. "மயில்துத்தம். நாந்தான் போட்டேன். அவ மேல தப்பில்ல" என்றார். என் வீட்டுக்காரர் பிசைந்த சாதத்தை அப்படியே இலையில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, விளக்கு, தீனி, தண்ணீர், செடி என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது சொந்தத்தில் இதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோமாம், நான் மன்னித்தேனாம். இதைப் படித்தவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால், தயவுசெய்து உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அழுதது அவர் மட்டும்தான். எனக்கு அன்றைக்கு நல்ல பசி. எல்லோரும் போன பிறகு தனியாக இலை போட்டு உட்கார்ந்து, இரண்டாவது முறையும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். அதையும் விடாமல் சொல்லுங்கள்.