வாய் ஆறுதும்மா

அமாவாசைதோறும் மாதேஸ்வரன் மலை மாதப்பனுக்குப் பூஜை போட ஒன்றாக உட்காரும் அக்கா தங்கைகளே, அண்ணன்மார்களே, மல்லிகா எழுதுகிறேன். போன வருஷம் யுகாதி நெருங்கிய சமயத்தில் என் மகள் பவி என் மடியிலேயே என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரியவில்லை. சாமிதான் தெரிய வைத்தார். பெரிய அதிசயம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் காதில் விழுந்த ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

பவிக்கு அப்போது ஐந்து வயது. படுக்கையை நனைக்கும் பழக்கம் எப்போதோ நின்று போன பிள்ளை. திடீரென்று மறுபடி ஆரம்பித்தாள். தினமும் காலையில் பாய், போர்வை எல்லாம் மாடிக்குப் போய்க் காய்ந்தது. பகலில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். எத்தனை குடித்தாலும் "போதும்" என்று சொல்லவே இல்லை. பள்ளிக்கூடத்து மிஸ் கூப்பிட்டு, வகுப்பில் உட்காராமல் பாத்ரூமுக்கே ஓடுகிறாள் என்று சொன்னார். படிக்காமல் தப்பிக்கக் கள்ளத்தனம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன்.

பிறகு ஆள் இளைத்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தி அனுப்பினேன். மூன்று இட்லி சாப்பிடுகிற பிள்ளை ஐந்து கேட்டாள், ஆனாலும் எலும்புதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில், பூ விற்கிற அம்மா, எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: உடம்பு சூடு. நானும் நம்பினேன். சூட்டுக்கு என்ன செய்வோம்? மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் இளநீர், கரும்புச்சாறு. வீட்டில் பனங்கற்கண்டு போட்ட தண்ணீர். அதோடு வாயில் புண் வேறு வந்துவிட்டது. மணத்தக்காளிக் கீரை ஆக்கிக் கொடுத்தேன், புண்ணில் தேன் தடவினேன். நெருப்பில் நெய்யை ஊற்றுகிறேன் என்று அப்போது யார் சொல்வார்கள்?

என் வீட்டுக்காரர் சிவராஜ் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர். சீசன் நேரம். ஊட்டி, கேரளா என்று போனால் வீடு திரும்ப நாள் கணக்காகும். தனியாகக் கிடந்து தவித்தேன். விளக்கு ஏற்றும்போது மாதப்பனிடம் கேட்டது இதைத்தான்: "பிள்ளைக்கு என்னன்னு எனக்கு ஒண்ணும் புரியல சாமி. நீ புரிய வை." குணமாக்கு என்றுகூடக் கேட்கவில்லை. அந்த அளவுக்கு மண்டை குழம்பியிருந்தது.

படுக்கை நனைவதை நிறுத்த ஒரு வழி கண்டுபிடித்தேன். பொழுது சாய்ந்தால் தண்ணீர் கிடையாது. செம்பை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் பவி என் மடியில் வந்து படுத்துக்கொண்டு, "அம்மா, வாய் ஆறுதும்மா" என்றாள்.

எனக்கு உயிரே வந்தது. புண் ஆறுகிறது! மறுநாளும் சொன்னாள், அதற்கு மறுநாளும். "வாய் ரொம்ப ஆறுதும்மா." நான் அவள் தலையைக் கோதிக்கொண்டே, "ஆறட்டும் கண்ணு, நல்லா ஆறட்டும். சாமிதான் ஆத்துறாரு" என்று சொல்லித் தட்டித் தூங்க வைத்தேன். அவள் உதட்டை நக்கிக்கொண்டே தூங்குவாள். நான் மாதப்பன் படத்துக்கு நன்றி சொல்லிவிட்டு வருவேன்.

நன்றி சொன்னால் போதுமா? மலைக்கே வருகிறோம் என்று வேண்டிக்கொண்டேன். அமாவாசைக்கு முதல் நாள் நானும் பவியும் கிளம்பினோம். துணைக்கு என் நாத்தனார் ரத்னா அண்ணி. நல்ல மனுஷி. ஆனால் சாமி காரியத்தில் அவர் ஒன்று சொல்லிவிட்டால் அதைச் சாமியே மீற முடியாது.

கொள்ளேகாலில் மலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். யுகாதிக் கூட்டம், வண்டிக்குள் மூச்சு முட்டியது. வழியில் ஒதுங்க இடம் கிடைக்காது என்று காலையிலிருந்தே பவிக்குத் தண்ணீரைக் குறைத்துத்தான் கொடுத்திருந்தேன். அவள் துவண்டு என் தோளில் கிடந்தாள். பக்கத்தில் ஒரு கன்னடத்து அம்மா. பவி கண்ணைத் திறந்து அந்த அம்மாவின் பாட்டிலைப் பார்த்து, "வாய் ஆறுது" என்றாள்.

"பாயாரிகேனா புட்டா?" என்று கேட்டு அந்த அம்மா பாட்டிலை நீட்டினார். பவி இரண்டு கையாலும் பிடுங்கினாள். பாட்டில் காலியாகும்வரை வாயிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு வெட்கமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த கன்னடமெல்லாம் மார்க்கெட்டில் விலை கேட்கிற கன்னடம். நான் மேட்டூர்ப் பக்கம் பிறந்தவள். அந்தக் கன்னடத்தை வைத்துக்கொண்டு, தண்ணீருக்காகச் சொல்லவில்லை, வாயில் புண், அது ஆறுகிறது என்கிறாள் என்று கையைக் காட்டி விளக்கினேன். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கட்டை விரலை வாய்க்கு நேராகச் சாய்த்து, தண்ணீர் குடிப்பது போலக் காட்டி, மெதுவாகச் சொன்னார்: "பாயாரிகே. நீர் பேக்கு."

கூட்டத்திலிருந்து ஒரு பையன் தமிழில் எடுத்துக் கொடுத்தான். "தாகம்க்கா. கன்னடத்துல வாயத்தான் பாய்னுவாங்க. பாய் ஆறுதுன்னா தாகமா இருக்குன்னு அர்த்தம்."

மைசூரில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் பேசும் தமிழ் உங்களுக்குத் தெரியாததா? கன்னடமே தமிழ்ச் சட்டை போட்டுக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் கற்ற வார்த்தையை என் பிள்ளை எனக்காகத் தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறாள். தாகம் தாகம் என்று தினமும் என் மடியில் கிடந்து கதறியிருக்கிறாள். நான் ஆறட்டும் என்று தட்டிக் கொடுத்திருக்கிறேன். பஸ்ஸிலேயே ஓவென்று அழுதேன்.

அழும்போதே பவி வாந்தி எடுத்தாள். "மலை வண்டின்னா அப்படித்தான்" என்றார் அண்ணி. வண்டி இன்னும் ஸ்டாண்டை விட்டே நகரவில்லை! பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தேன். ஓடி வந்தவள் போல வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கினாள். அந்த மூச்சில் பழம் அழுகினது போல ஒரு வாடை. கூப்பிட்டால் "ம்" என்றாள், கண் திறக்கவில்லை.

"இறங்கலாம் அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பாதி வழியில திரும்பறதா? நேர்த்திக்கடன் மல்லிகா! மேல போயி தீர்த்தம் குடுத்தா எல்லாம் சரியாயிடும். சாமிகிட்ட வெளையாடாத."

டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சாமி குற்றம் ஆகிவிட்டால்? இவளுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? மலைத் திசைக்குத் திரும்பிக் கண்ணை மூடி, "மாதப்பா, நான் என்ன செய்ய?" என்றேன். அப்போதுதான் உறைத்தது. புரிய வை என்றுதானே இத்தனை நாளும் கேட்டேன்? புரிய வைத்துவிட்டாரே! பதிலைக் கையில் கொடுத்த பிறகும் அதே கேள்வியைக் கேட்க மலை ஏறுவேனா?

"நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வண்டியே திரும்பிப் பார்த்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அண்ணி திட்டிக்கொண்டே பையோடு பின்னால் வந்தார்.

ஆட்டோ பிடித்துப் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா தமிழ் பேசினார். தண்ணீர் நிறையக் குடிக்கிறாளா, அடிக்கடி ஒண்ணுக்குப் போகிறாளா, இளைத்திருக்கிறாளா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தார். நம்பர் வரவில்லை. அந்த மெஷின் காட்டக்கூடிய அளவைத் தாண்டிவிட்டதாம்.

"சுகர்" என்றார்.

"அது எங்கப்பாவுக்குத்தான் இருந்துச்சு. இது கொழந்தைங்க!" என்று அண்ணி சண்டைக்கே போய்விட்டார்.

"குழந்தைகளுக்கும் வரும்மா. இனிப்பு தின்னு வர்றதில்ல இது. உடம்புல இன்சுலின் சுரக்கறது நின்னுடுது. இப்ப பேச நேரமில்ல" என்று சொல்லிக்கொண்டே டிரிப் ஏற்றினார். ஆம்புலன்சில் மைசூருக்கு அனுப்பினார்.

அந்தப் பயணம் முழுக்க பவியின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அடுத்த மூச்சு வருமா, வருமா என்று. வாய்விட்டு மந்திரம் சொல்ல வரவில்லை. "உகே மாதப்பா, உகே மாதப்பா" என்று மலையில் போடும் கோஷத்துக்கு உதடு மட்டும் அசைந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணியின் உதடும் அசைந்தது.

மைசூரில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு போனார்கள். எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று பெரிய டாக்டர் கேட்டார். மாதேஸ்வரன் மலைக்கு என்றேன். மலை ஏறி இறங்கி வந்திருந்தால் பிள்ளை தாங்கியிருக்காது என்றார். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிவராஜ் வேனை வேறு டிரைவரிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். வார்த்தை விஷயத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்டயும் அப்படித்தான் சொல்லுவா. நான் தண்ணி குடுப்பேன். உனக்கும் தெரியும்னு நெனச்சேன்டி" என்று விம்மினார்.

பவி கண் விழித்து முதலில் கேட்டது இட்லி. சட்னியும் வேண்டுமாம். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் சிரிக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவளுக்கு நோய் போய்விட்டதா என்று சிலர் கேட்கிறீர்கள். போகவில்லை. தினமும் இன்சுலின் ஊசி போடுகிறேன், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறேன். சாமி கும்பிட்டால் ஊசியை நிறுத்தலாமே என்று ஒருவர் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அந்த ஊசியும் மாதப்பன் கொடுத்ததுதான். அதோடு பவி ஓடுகிறாள், படிக்கிறாள், சண்டை போடுகிறாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டால், அடிக்கடி ஒண்ணுக்குப் போனால், நின்றுபோன பழக்கம் திரும்பிப் படுக்கையை நனைத்தால், நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால், சூடு என்று சொல்லி உட்காராதீர்கள். தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு ரத்தம்தான். வாந்தியும் மூச்சு வாங்கலும் சேர்ந்தால் ஒரு நிமிஷம்கூட நிற்காதீர்கள். போகிற வழியில் சாமியைக் கூப்பிடுங்கள், கூடவே வருவார். எனக்கு வந்தாரே.

இந்த வருஷம்தான் பாக்கி வைத்த மலைப் பயணத்தை முடித்தோம். அண்ணிதான் முதலில் கிளம்பினார், பவியின் இன்சுலின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு. வரிசையில் நல்ல வெயில். பவி என் முந்தானையை இழுத்து, "அம்மா, வாய் ஆறுது" என்றாள்.

பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். பாட்டிலிலிருந்து கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு மடக்கு குடித்தாள். பாட்டிலை என்னிடமே தள்ளிவிட்டு, "போதும்மா" என்றாள்.

சந்நிதிக்குள் போய் நான் எதுவுமே கேட்கவில்லை.