தொரை காட்டாத நான்கு இடங்கள்

இரும்பறுக்கும் வாள், சோதனைக் கிணற்றில் இறக்கப்போகும் பிளாஸ்டிக் குழாயில் கீறல் போட்டுக்கொண்டிருந்தது. வாளைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொரு கீறலுக்கும் விரற்கடை இடைவெளி விட்டன. கீறல் அகன்றால் சேறு புகும், ஒடுங்கினால் தண்ணீர் வராது. ஒன்று கோணலாகிவிட்டது. அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிட்டு, கைகள் புதுக் குழாயை எடுத்தன.

"மண்ணுக்குள்ள போறதுதானே மச்சான், யாரு பாக்கப்போறா?" என்றான் ஏழுமலையின் மனைவியின் தம்பி யோகராஜ்.

"தொரை பாப்பாரு. ஒரு கோணல் கெடைக்காதான்னு தேடுவாரு."

ஏழுமலை இலங்கையில் குருவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். அதற்கு முன் ஆறு வருஷம் மாணிக்கக் குழிகளில் தண்ணீர் இறைத்தவன். தொண்ணூற்றெட்டில் தோட்டத்தை நடத்தும் தொரை, பழசாகிப்போன களைக்கொல்லிப் பீப்பாய்களை ஸ்டோருக்குப் பின்னால் புதைக்கவைத்தார். மூன்றாம் வருஷம், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக் கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. அதைக் குடித்த அவன் மனைவி மருதாயிக்கு அடுத்தடுத்து இரண்டு கரு தங்கவில்லை.

லயத்தாரின் முறைப்பாடு இரத்தினபுரிச் சுற்றாடல் அலுவலகத்துக்குப் போனது. சோதனைக் கிணறு வெட்டிக் காட்டச் சொன்னார்கள். தொரை ரோட்டுப் பக்கச் சரிவில் மூன்று இடங்களைப் பிரம்பால் தொட்டார். தோண்டியவன் ஏழுமலை. தோண்டும்போதே அவனுக்கு உறுத்தியது. மேல்மண் ரோட்டுப் பக்கம் சரிந்தாலும், அடியிலிருந்த பருக்கைக்கல் படுகை லயத்துப் பக்கம் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் படுகையோடுதான் போகும். மாணிக்கக் குழியில் இறங்கிய எவனுக்கும் அது தெரியும். ஆனால் தொரை காட்டிய இடத்தில் ஏன் என்று கேட்கிற வழக்கம் தோட்டத்தில் இல்லை. அவனும் கேட்கவில்லை. மூன்றிலும் நல்ல தண்ணீர். பைல் மூடப்பட்டது.

அன்று தொரை அவன் தோளைத் தட்டினார். "நீ தோண்டின கிணறுதான்டா என்னைக் காப்பாத்திச்சு!"

வீட்டில் மருதாயி சோற்றை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தொரையின் வாயை அடைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே அவன் முடிவுகட்டினான்.

தொரையின் மூன்று கிணறுகளையே முதல் சாட்சியாக்கினான். உள்ளே தெரிகிற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி, கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல் மூன்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டான். மழைக்கு முன்னும் பார்த்தான், பின்னும் பார்த்தான். இரண்டு தடவையும் மட்டம் லயத்தை நோக்கியே இறங்கியது. அந்தக் கணக்கை இரத்தினபுரிக்குக் கொண்டுபோய்க் காட்டி, மறுபடி தோண்ட அனுமதி வாங்கினான். அந்தப் போக்கில் மூன்று இடம் குறித்தான்: பீப்பாய்க் குழிக்கு அடுத்து ஒன்று, லயத்து மரக்கறித் தோட்டத்தில் ஒன்று, அதற்கும் கீழே பக்கத்துச் சிங்களக்காரரின் கறுவாப்பட்டைக் காணியில் ஒன்று. நான்காவதைக் குழிக்கு மேற்புறம், தண்ணீர் வருகிற பக்கம் குறித்தான்.

யோகராஜுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "மேல எதுக்கு? அங்கயும் மருந்து இருந்திச்சுன்னா தொரை தப்பிச்சிருவாரே!"

"இருந்தா தப்பிச்சுப் போகட்டும். இல்லேன்னா, மேல் காணியிலருந்து வந்திச்சுன்னு சொல்ல அவருக்கு வாய் இருக்காது. பாதி வாய அடைச்சா பத்தாதுடா."

சொல்லிவிட்டானே தவிர, சுற்றாடல் அதிகாரி ஹபீலா நான்கிலும் தண்ணீர் எடுத்துப் போத்தல்களுக்கு முத்திரை வைத்துக்கொண்டு போன பிறகு, பன்னிரண்டு நாளும் பால் வெட்டி முடித்ததும் மேல் கிணற்றடிக்கே போய் நின்றான்.

கீழே இருந்த மூன்றிலும் களைக்கொல்லி. மேல் கிணறு சுத்தம்.

விசாரணை தோட்டத்து ஆபீசில் நடந்தது.

"இடம் தெரிஞ்செடுத்த நிபுணர் யாரு?" என்றார் தொரை.

ஹபீலா ஏழுமலையைக் காட்டினார்.

"இவனா? நான் காட்டின எடத்துல தோண்டத்தான் இவனுக்குத் தெரியும்."

"ஆமாங்க தொரை. இந்தத் தடவ நீங்க காட்டலைங்க."

வாசலில் நின்ற பால்வெட்டிகள் சிரித்துவிட்டார்கள். தொரை மேல் காணியைப் பற்றி எதையோ தொடங்கினார். ஹபீலா நான்காவது போத்தலின் அறிக்கையை அவர் முன்னால் தள்ளியதும் நிறுத்திக்கொண்டார்.

ஏழுமலை நான்கு கிணறுகளின் ஆழமும் நீர்மட்டமும் குறித்த வரைபடத்தை இரண்டு பிரதி வரைந்திருந்தான். ஒன்றை ஹபீலாவிடம் கொடுத்தான். மற்றதை விரித்து, பீப்பாய்க் குழி தொரையின் கண்ணுக்கு நேராக வரும்படி திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினான். தொரை கை நீட்டி வாங்கும்வரை அசையாமல் நின்றான்.