கல்குட்டைப் பெரியவர்

“வாளை உறைல போடுங்கண்ணா. மொதல்ல வணக்கம் சொல்லுங்க” என்கிறாள் சாராள். வாள் எதுவும் இல்லாத கையை இடுப்போரம் கொண்டுபோய்விட்டு, டி.வி. மெக்கானிக் கேசவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக் கும்பிடுகிறார். அவருக்கு வயது நாற்பத்தொன்று.

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஞாயிறு பகல் மூன்று மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். என் தங்கை சாராள் வாரத்தில் ஆறு நாள் அங்கே பிரதி எடுக்கிறாள். ஏழாம் நாள், முதலாளியின் அனுமதியோடு, அதே மேசையில் ஒரு விளையாட்டு நடத்துகிறாள். அவள் ஒரு நாட்டை வாயால் சொல்லுவாள். மற்றவர்கள் அந்த நாட்டு மனிதர்களாக மாறி, தாங்கள் செய்யப்போவதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைத் துணிப்பையிலிருந்து எடுக்கும் தம்போலா காய் முடிவு செய்யும். ஒன்று முதல் இருபது வரை காய்கள். பெரிய எண் வந்தால் பலிக்கும்.

இது அவளுக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். தொண்ணூற்றொன்று ஆகஸ்டில் யாரோ ஒரு மாணவர் இந்த விளையாட்டைப் பற்றிய நூற்று அறுபது பக்க ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பிரதி எடுக்கக் கொடுத்தார். மெஷின் மக்கர் செய்து நாற்பத்து மூன்று பக்கங்களில் கறுப்புக் கோடு விழுந்தது. அவற்றைத் திரும்ப எடுத்து, நல்ல பிரதியை மாணவரிடம் கொடுத்துவிட்டு, கெட்டுப்போன தாள்களைச் சாராள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அகராதி வைத்துக்கொண்டு ஐந்து மாதம் படித்தாள். கிடைக்காத பக்கங்களை அவளே யோசித்து எழுதினாள்.

டிராகனைப் பற்றி அவளுக்குக் கிடைத்தது ஒரே பக்கம். அது எவ்வளவு பெரிது, எத்தனை வயது வாழும், மனிதரோடு பேசும் என்றெல்லாம் அதில் இருந்தது. அதை எப்படிக் கொல்வது என்பது அடுத்த பக்கம். அது கோடில்லாமல் பளிச்சென்று விழுந்து மாணவரோடு போய்விட்டது. ஆகவே சாராளின் நாட்டில் டிராகனைக் கொல்ல வழியில்லை. பேசத்தான் வேண்டும். திரிசூலம் கல்குட்டை போன்ற ஒரு பள்ளத்தில், மூன்று ஊர் குடிக்கும் தண்ணீரின் மேல் அது படுத்திருக்கிறது. தலைக்கு இரண்டு குடம் தரும். வெளியார் யாரையும் இறைக்க விடாது. சாராள் அதைப் ‘பெரியவரு’ என்றுதான் சொல்லுவாள். அதனிடம் பேசிப் பேசி மூன்றாவது குடம் வாங்குவதற்குக் கேசவனுக்கும், பல்லாவரத்தில் ஜரிகை வேலை செய்யும் குல்ஷன் அக்காவுக்கும் ஏழு ஞாயிறு ஆயிற்று. “எங்க மாமியாகிட்ட கூட நான் இவ்ளோ பணிஞ்சு பேசுனதில்லடி” என்பார் குல்ஷன்.

சென்ற மாதம் எட்மண்ட் வந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. கையில் முழுப் புத்தகம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இது அந்த கேமே இல்ல. டிராகனுக்கு எண்பத்தெட்டு பாயிண்ட் உயிர். அடிக்க அடிக்கக் குறையும். சீரோ ஆனா காலி. ஜெராக்ஸ் கடைல கத்துகிட்டா இப்படித்தான்.”

டீ வாங்கி வந்த நான் அங்கேயே நின்றேன். எனக்கு எட்டாம் வகுப்புதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நூற்று அறுபது பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு விளையாடுவது பெரிய காரியமா, நாற்பத்து மூன்றை வைத்துக்கொண்டு ஒரு நாட்டை மூன்று வருடம் நடத்துவது பெரிய காரியமா? அவன் தலைகீழாக நின்றாலும் மூன்றாவது குடத்தை யோசித்திருப்பானா? கேட்டிருப்பேன். சாராள் கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

எட்மண்டின் புத்தகத்தை வாங்கி, தனக்குக் கிடைக்காத அந்த அடுத்த பக்கத்தை இரண்டு முறை படித்தாள்.

“அவரு சொல்றது சரியாம்மா?” என்றார் கேசவன்.

“சரிதாண்ணா. புக்குல அப்படித்தான் கீது.” எட்மண்டிடம் திரும்பினாள். “இன்னா பண்றீங்க?”

“குத்துறேன்.”

“காய் எடுங்க. வர்ற நம்பர அவரு உயிர்ல கழிக்கிறேன்.”

அவன் எடுத்தான். பொய் சொல்லிப் பெரியவரைக் காப்பாற்ற அவளால் முடியும். கணக்கு அவளிடம்தான் இருக்கிறது. என் தங்கை அப்படிச் செய்கிறவள் இல்லை. “எழுபத்தொண்ணு” என்றாள். அடுத்த காய். “அறுபத்திரண்டு.” அடுத்தது.

“ஏன்டி, அவரு திருப்பி அடிக்கலியா?” குல்ஷன் மேசைமேல் குனிந்து கேட்டார். “வாயில நெருப்பு கீதுன்னியே?”

“கீதுக்கா. ஊதுனா நீயும் கேசவண்ணாவும்தான் மொதல்ல எரிவீங்க. பக்கத்துலயே நிக்கிறீங்க இல்ல? அதான் ஊதல.”

கேசவன் எட்மண்டின் கையைப் பிடித்தார். “போதும் விடு தம்பி.”

“கேம்தானே சார்!” கையை உதறிக்கொண்டு அடுத்த காயை எடுத்தான். அப்புறம் இன்னும் ஐந்து.

“சீரோ” என்றாள் சாராள்.

எட்மண்ட் “யெஸ்!” என்று தொடையில் தட்டினான். சாராள், சாவு வீட்டு வாசலில் செய்வதுபோல், செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, எழுந்து நின்றாள்.