உடையார்கட்டிலிருந்து வந்த பொதி

அன்று முன்னறையில் இருந்தவர்கள்: என் மகள். அவளோடு படித்த உடையார்கட்டுப் பிள்ளை. குசினி வாசலில் அகப்பையோடு என் மனைவி. படியில் நான்.

நான் கிளிநொச்சியில் ஓட்டோ ஓடுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிள்ளைகள் இரண்டு பேரும் கணினியில் ஒரு வேலை செய்திருந்தார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று போனில் காட்டும். பின்னேரம் மூன்று மணிக்குக் வயல் செய்கிற கமக்காரர் சங்கத்தார் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் வேலை இவர்களுக்கு. இல்லாவிட்டால் கொழும்புக்காரருக்கு.

காலையில் அது ஓடவில்லை. முதல்நாள் ஓடியது.

"ஒண்டையும் தொடேல்லை," என்றாள் மகள்.

"பிறகேன் நிண்டது?"

"பக்கேஜ் ஒண்டு வரேல்லை அப்பா."

"என்னடி அது?" என்றாள் மனைவி.

"பொதியம்மா. வேற ஆக்கள் செய்து விடுற பொதி. அது ஒவ்வொருக்காவும் புதுசா வந்தால்தான் எங்கடையைக் கட்டலாம்."

பொதி எனக்குத் தெரியும். கொழும்பு பஸ்ஸில் வருவதை ஏற்றி வீடு வீடாக இறக்குகிறவன் நான். ஓட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

"ஆரின்ர பேருக்கு அண்ணை?" என்றான் கொண்டக்டர்.

"தெரியாது."

"ஆர் போட்டது?"

"தெரியாது. வெளிநாட்டில ஒராள்."

"பொதி எண்டாவது வடிவாத் தெரியுமோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். மகளுக்குப் போன் எடுத்தேன்.

"ஐயோ அப்பா, அது பஸ்ஸில வாறதில்லை. இன்ரநெற்றில வாறது. வீட்ட வாங்கோ."

வந்தேன். விளங்கப்படுத்தினாள். யாரோ ஒருவர் ஒரு சின்னத் துண்டு எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுத்திருக்கிறார். இப்போது அதைத் திருப்பி எடுத்துவிட்டார்.

"அந்தாளோட கொழுவிச் சண்டை பிடிச்சனீங்களோ?"

"ஆளையே தெரியாது."

"தெரியாத ஆளின்ர சாமானை ஏன் எடுத்தனீங்கள்?"

"நாங்கள் எடுக்கேல்லை அப்பா. நாங்கள் எடுத்த பொதிக்குள்ள அது கிடந்தது."

தலை சுற்றியது. படியில் போய்க் குந்தினேன்.

உடையார்கட்டுப் பிள்ளை திடீரென்று நிமிர்ந்தாள். "அங்கிள், வீட்டில என்ர பழைய லப்டொப்பில அது கிடக்கும். எங்கட பக்கம் சிக்னல் இழுக்காது. ஒவ்வொருக்காவும் இறக்கேலாது எண்டு எல்லாத்தையும் சேத்து வைச்சனான்."

"சிக்னல் இல்லாததும் நல்லதுதான்," என்றாள் மனைவி.

பரந்தன் சந்தியால் திரும்பி உடையார்கட்டுக்கு ஓட்டோவை விட்டேன். பிள்ளையின் தாய் லப்டொப்பைத் துவாயில் சுற்றி, அரிசிப் பையில் போட்டுக் கட்டி வைத்திருந்தா.

"கவனம்," என்றா.

"ஓம்," என்றேன்.

திரும்பி வர மனைவி உள்ளே பார்த்துக் கத்தினாள். "பிள்ளையள், பொதி வந்திட்டுது!"

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னம் அது ஓடியது. சங்கத்தார் வந்தார்கள். ஒருவர் போனில் தன் வாய்க்காலைத் தட்டிப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையோ? சரிதான். பிள்ளையளே செய்யட்டும்," என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு இன்னும் விளங்கவில்லை. செய்தது இவர்கள். நிற்பாட்டியது யாரோ.

"இன்னும் ஆரின்ர ஆரின்ர பொதி இதுக்குள்ள கிடக்கு?" என்று மகளைக் கேட்டேன்.

"கன ஆக்களின்ர."

"எத்தினை?"

சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினாள். பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எண்ணூற்றுப் பன்னிரண்டு.